பின்கதவால் வரும் முதலாளி

தனபாலன் தம் வீட்டுக்குள் பின்கதவால்தான் நுழைவார். காலையில் சந்தைக்குப் போய் லீக்ஸும் கரட்டும் வாங்கிக்கொண்டு மேடேறி வருகிறவர், முன்கேற் ஆவென்று திறந்து கிடந்தாலும் அதைத் தாண்டிப் போய், என் மதிலோரமாக இறங்கும் குறுகலான படிகளில் திரும்பிவிடுவார். கழிவுநீர்க் கானுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைப்பார். காஸ் சிலிண்டர் நிற்கும் மூலையில் சேட்டைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கும் வெள்ளைக் கோட்டை மாட்டிக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டுவார். பிறகு குசினி வழியாக நுழைந்து, தமது சொந்த வீட்டின் சொந்த விறாந்தையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அங்கே நாலு சாய்மனைக் கதிரைகள் கிடக்கின்றன. அவற்றுக்குக் காசு கொடுத்தவரும் அவர்தான். இத்தனை ஆண்டுகளில் ஒன்றிலாவது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"முன்கதவு கெஸ்ட்டுக்கு, நானா," என்பார் என்னிடம்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். "அந்தக் காலத்துப் பெரிய ஹோட்டல்கள்ல அப்பிடித்தான். தொரை வர்ற வழி வேற, வேலைக்காரன் வர்ற வழி வேற."

"நீங்க வேலைக்காரன் இல்லையே. முதலாளிதானே?"

"அது கெஸ்ட்டுக்குத் தெரிய வேணாமே."

பெட்டிகளுக்கும் இதே சட்டம்தான். வேனிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரருக்கு "வெல்கம் டு த பங்களா, சேர்" என்று இடுப்பு வளையக் குனிவார். அவர்கள் வெறுங்கையோடு முன்படியேறி உள்ளே போவார்கள். அவர்களுடைய சூட்கேஸ்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தனபாலன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக ஓடுவார். வயது அறுபதை நெருங்குகிறது. மழைக்காலத்தில் அந்தப் படிகள் வழுக்கும். விருந்தினர் ஆற அமர நடந்து அறை வாசலுக்கு வரும்போது பெட்டிகள் அங்கே இருக்கும். பக்கத்தில் தனபாலனும், எங்கேயும் ஓடாதவர் போல வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டபடி நிற்பார். முன்கதவால் தூக்கிப் போனால் பத்து எட்டுத்தான் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "லக்கேஜ் முன்கதவால போனா அது லொட்ஜ், நானா. பங்களா இல்ல," என்றார்.

பங்களா என்று அவர் சொல்வது, கண்டி வாவிக்கு மேலே சந்து போன்ற எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அடுத்த வீட்டை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பல் டாக்டர் கட்டிய வீடு அது. சீமெந்துக் கூரை, மொசைக் தரை, முன்னறையில் பல் பிடுங்கும் கதிரை. அந்த வாசலில் இன்று "பங்களா 1909" என்று பித்தளை எழுத்தில் பலகை தொங்குகிறது. இந்த ஆண்டு எங்கிருந்து முளைத்தது என்று ஒருநாள் கேட்டேன். தனபாலன் என்னைக் கேற்றுக்கு வெளியே கூட்டிப்போய், மாநகர சபை அடித்துவிட்டுப் போன தகரத் துண்டைக் காட்டினார். வீட்டு இலக்கம் 190/9. பலகை எழுதும்போது நடுவிலிருந்த சாய்கோட்டை மட்டும் விட்டுவிட்டாராம். "நான் ஒரு பொய்யும் சொல்லலியே, நானா. நம்பரு நம்ம நம்பருதானே," என்றார்.

உள்ளே போனால் இன்னும் வேடிக்கை. மொசைக் தரைக்கு மேல் பலகை பரப்பியிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்த அறைக்கு 'ஸ்மோக்கிங் ரூம்' என்று பெயர். அங்கே புகை பிடிக்கக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது. எல்லாக் குளியலறைகளிலும் பல் டாக்டர் போட்ட சுடுநீர்க் குழாய் இருந்தது. அதைப் பலகையடித்து மறைத்துவிட்டு, பித்தளைச் சருவத்தில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். சாப்பாட்டு அறைக் கூரையிலிருந்து நீளமான துணிவிசிறி ஒன்று தொங்குகிறது. அந்தக் காலத்தில் அதைக் கயிறு கட்டி ஓர் ஆள் இழுப்பானாம். இங்கே முச்சக்கர வண்டி ஒன்றின் மழைத்துடைப்பான் மோட்டார் இழுக்கிறது. அதற்குப் பழைய புத்தி போகவில்லை. மேசைக்கு மேல் சரக் சரக்கென்று இரண்டு தரம் வேகமாகத் துடைத்துவிட்டு ஒரு தரம் இளைப்பாறும். காற்று மட்டும் வராது.

பரிமாறுவதற்கு தினேஸ் இருக்கிறார். நாற்பது வயது, முன்பு வேன் ஓட்டியவர், தலை முழுக்க வழுக்கை. அந்தக் காலத்து ஹோட்டல் பணியாளர் தலையில் ஆமையோட்டுச் சீப்பு வைத்திருப்பார்களாம். ஆகவே தினேஸும் வைத்தாக வேண்டும். முடியில்லாத தலையில் பிளாஸ்டிக் சீப்பை, தோல் நிற இலாஸ்ரிக் பட்டி ஒன்று காதுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. சூப் வைக்கக் குனியும்போதெல்லாம் தினேஸ் ஒரு கையால் சீப்பைப் பிடித்துக்கொள்வார். அந்த சூப்பும் லேசுப்பட்டதல்ல. தனபாலனின் மனைவி கலாவதி சளி, தடிமன் பிடித்தவர்களுக்கு வைக்கும் அதே மிளகு ரசம்தான். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, தேங்காய்ப்பால் ஒரு கரண்டி விட்டதும் அது 'மலிகாட்டோனி' ஆகிவிடுகிறது. டொலரில் விலை. குசினியில் காஸ் அடுப்பு இருக்கும்போது ரசத்தை மட்டும் விறகடுப்பில்தான் கொதிக்க வைக்க வேண்டும். விருந்தினர் வந்து படமெடுக்கும்போது புகை வேண்டுமல்லவா?

இதெல்லாம் அவர் தாமாகக் கற்பனை செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. நகரத்துப் பெரிய ஹோட்டலொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் மேசைப் பணியாளராக நின்றவர். அங்கே அவருக்கு மூத்தவர்கள், அவர்களுக்கு மூத்தவர்களிடம் கேட்ட கதைகளைச் சொன்னார்கள். காலையில் துரை கண் விழிக்குமுன் தலைமாட்டில் தேநீர் இருக்க வேண்டும். துரை பேசும்போது பணியாளன் அவருடைய சப்பாத்தைப் பார்க்க வேண்டும். துரை இருக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. தனபாலன் அவ்வளவையும் விழுங்கிவைத்தார். ஓய்வு பெற்றதும் வங்கிக் கடனில் பல் டாக்டரின் வீட்டை வாங்கி, அங்கே அத்தனையையும் கக்கிவைத்தார். விறாந்தையின் நடுவில் கிடக்கும் கதிரை ஒரு கவர்னர் உட்கார்ந்தது என்று விருந்தினருக்குச் சொல்வார். அதை விற்றவர் கட்டுகஸ்தோட்டையில் பழைய தளபாடக் கடை வைத்திருக்கும் என் மச்சான் பளீல். எங்கேயோ ஒரு தபால் அதிபர் வீட்டு ஏலத்தில் எடுத்தது அது. மூன்றாம் அறைக்குக் 'கேணல் ரூம்' என்று பெயர். எந்தக் கேணல் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

விறாந்தைச் சிறுமேசையில் ஒரு பித்தளை மணி இருக்கிறது. விருந்தினரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அதன் சத்தம் கேட்டால் தனபாலன் எங்கே நின்றாலும் அவருடைய கால்கள் புறப்பட்டுவிடும். அவர் பின்னால் போவார். ஒருமுறை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் பூசை மணி அடித்தபோது, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் "யெஸ், சேர்" என்றுவிட்டாராம். கலாவதி என் மனைவி றம்லத்திடம் சொல்லிச் சிரித்தார். "ஐயரு திரும்பிப் பாத்துட்டாருங்க. எனக்கு மானமே போச்சு."

டிப்ஸ் வாங்குவதையும் சொல்ல வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் டிப்ஸ் வாங்குகிறார் என்பதே எனக்குப் புதுமையாக இருந்தது. விருந்தினர் அவரைப் பணியாளர் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். அவரும் தம்மை முதலாளி என்று சொல்லாதவரானபடியால் வாங்கிக்கொள்கிறார். நோட்டைப் பார்க்கவே மாட்டார். கண் விருந்தினரின் சப்பாத்தில் இருக்கும். கை மட்டும் போய் எடுத்து, மடித்து, கோட்டின் மேற்பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். "வாங்கலேன்னா தொரைக்கி அவமானம், நானா," என்பார்.

இந்த வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கு அறை கிடைக்காது. அப்படிப் பலகை ஒன்றும் இல்லை. தொலைபேசியில் தமிழ்க் குரலோ சிங்களக் குரலோ கேட்டால் "ரூம் ஃபுல்" என்று சொல்லிவிடுவார். ஐந்து அறைகளும் காலியாகக் கிடந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் வைகாசி மாதத்திலும் ரூம் ஃபுல்தான். இதைப் பற்றி நான் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

"நம்மாளு வந்தா கட்டில்ல உக்காந்து சோறு திம்பான், நானா. தலகாணியில எண்ணெ ஒட்டும். அதக்கூடப் பொறுத்துக்கலாம். ஆனா வெராந்தால சாரத்தக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா வெள்ளக்காரன் போட்டோ எடுப்பானா? ஆயிரத்தித் தொளாயிரத்தி ஒம்போதுல நம்மாளு அங்க உக்காந்தானா, சொல்லுங்க."

"இல்லதான். அப்ப நீங்களும் முதலாளியா இருந்திருக்க ஏலாதே."

"அதுனாலதானே நான் முதலாளி மாதிரி நடந்துக்கிறதில்ல," என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. அவ்வளவையும் நம்பித்தான் சொன்னார்.

விறாந்தையில் உட்கார அனுமதிக்கப்பட்ட ஒரே உள்ளூர்வாசி நான். அதற்குக் காரணம் நட்பு அல்ல, என் தாடி. வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக நான் ஓரத்துக் கதிரையில் இருந்தால் படம் நன்றாக விழுகிறதாம். 'லோக்கல் ஸ்கொலர்' என்று அறிமுகப்படுத்துவார். பத்திரிகையில் இப்படி ஆட்களைப் பற்றி எழுதிக் காலம் தள்ளுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். தம்மைப் பற்றி எழுதினால் "டீசன்ட்டா எழுதுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். முயல்கிறேன்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற ஆண்டில் வெள்ளைக்காரர் யாரும் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தனபாலன் பங்களாவைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்துவிட்டு, கலாவதியோடு ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே அவருடைய அக்கா வடிவம்மா இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தனியாள். தொழிலாளருக்குக் கட்டிய லயத்து வரிசைவீட்டில் ஒரே அறை, ஒரே கட்டில். வந்தவர்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் அடுப்படியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாளல்ல, இங்கே மறுபடி வேன் வரத் தொடங்கும்வரை. இது கலாவதி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தனபாலன் அந்த மாதங்களைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் 1909ஐப் பற்றித்தான் பேசுவார்.

போன மாதம் வடிவம்மா கண்டிக்கு வந்தார். கண்ணில் புரை. தோட்டத்துப் பக்கத்தார் யாருக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக் என்றாலும், டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்குவார்கள். இது கேட்டுச் செய்வதல்ல. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், இவர்களும் பாயை விரித்துவிடுவார்கள். டவுனில் வீடு வைத்திருப்பதன் பாதி அர்த்தமே அதுதான். வடிவம்மாவுக்கு ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்தது. புகை, தூசு ஆகாது, சொட்டு மருந்தை நேரத்துக்கு விட வேண்டும், மறு கிளினிக்வரை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்றை ஒட்டிக்கொண்டு, கையில் மருந்துப் பையோடு, அவர் தம்பியின் வீட்டுக்கு வந்தார். தம்பி அவரைப் பின்படியால் இறக்கிக் கூட்டிப் போனார்.

போய்ப் படுக்க வைத்தது குசினியோடு ஒட்டிய களஞ்சிய அறையில். அரிசி மூடைக்கும் விறகுக்கும் இடையில் ஒரு மடக்குக் கட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் மலிகாட்டோனி கொதிக்கும் விறகடுப்பு. அப்போது பங்களாவில் ஒரு பெல்ஜியத் தம்பதி மட்டும் இருந்தார்கள். மற்ற நாலு அறைகளிலும் கொசுவலை கட்டிய கட்டில்கள் ஆளில்லாமல் கிடந்தன. கேணல் ரூமைக் கொடுக்கும்படி கலாவதி சண்டை பிடித்தார். "புக்கிங் வந்தா என்னா செய்றது?" என்று தனபாலன் கேட்டார். புக்கிங் வரவில்லை.

இரண்டாம் நாள் வடிவம்மாவின் நல்ல கண்ணும் சிவந்திருந்தது. மதிலுக்கு மேலால் அதைப் பார்த்துவிட்டு வந்த றம்லத் என்னிடம் வெடித்தாள். "என்னத்துக்கு அந்த மனிசியப் புகைக்குள்ள போட்டீக்கிறாரு? கண் ஒப்பரேஷன்தானே செஞ்சீக்கி. எங்கட ஊட்டுல ரூம் ஈக்கிதானே, கூட்டிட்டு வாங்க." கூப்பிடப் போனவளும் அவள்தான். வடிவம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"ஒங்க மனசு பெரிசும்மா. ஆனா தம்பி வீடு பக்கத்துல இருக்க நான் ஒங்க வீட்டுல படுத்தா, பாக்குறவங்க அவனத்தானே பேசுவாங்க. அவனுக்குப் பேரு கெட்டுப் போயிரும். நான் இங்கயே இருந்துக்கிறேன்."

அன்று பின்னேரம் விறாந்தையில் தேநீர். நான் என் தாடியோடு ஓரக் கதிரையில் இருந்தேன். பெல்ஜியத்து அம்மையார் நடுவில், அவருடைய கணவர் பக்கத்தில். தனபாலன் தட்டத்தோடு நின்று, அந்தக் காலத்தில் ஒரு பங்களாவில் எத்தனை பணியாளர் இருந்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சமையலுக்கு ஒருவர், குதிரைக்கு ஒருவர், விசிறிக்கு ஒருவர். அந்த நேரம் பார்த்து வடிவம்மா வீட்டின் மூலையைச் சுற்றி வந்துவிட்டார். புகை தாங்காமல் காற்று வாங்க வந்திருக்கிறார். கண்ணில் மூடியும், தோளில் மடித்த துவாயுமாக, ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

அம்மையார் முகம் மலர்ந்து, இவர் யார் என்று கேட்டார்.

தனபாலன் என்னைப் பார்த்தார். பிறகு தம் அக்காவைப் பார்க்காமல், அம்மையாரின் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார். "தட் இஸ் அவர் ஆயா, மேடம். வெரி ஓல்ட் ஆயா."

வடிவம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆயா என்ற சொல்லை அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் அழைத்திருக்கிறார். அம்மையார் எழுந்து போய் அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டார், கணவர் படமெடுத்தார். பிறகு அம்மையார் ஒரு நோட்டை எடுத்து வடிவம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். வடிவம்மா மறுக்கவில்லை. நோட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகினார். அம்மையாரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். திரும்பும்போது, திறந்திருந்த அந்த ஒரு கண்ணால் தம்பியைப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்த வழியே புகைக்குள் போய்விட்டார்.

எனக்கு அடங்காத கோபம் வந்தது. தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். சற்று நேரத்தில் தனபாலன் மதிலடிக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க, நானா. அக்கான்னு சொன்னா, அக்கா ஏன் ஸ்டோர் ரூம்ல படுக்குதுன்னு கேப்பாங்க. ஆயான்னா கேக்க மாட்டாங்க."

"அப்ப அவங்கள நல்ல ரூமுக்கு மாத்துங்களேன்."

"அது எப்பிடி முடியும்? இப்பத்தானே ஆயான்னு சொல்லிட்டேன்."

அவருடைய கணக்கில் ஓட்டை எதுவும் இல்லை என்பதுபோல என்னைப் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன. அது விறகுப் புகையாகவும் இருக்கலாம்; நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை பேக்கரிப் பாண் வண்டிக்காக என் கேற்றடியில் நின்றிருந்தேன். பின்படிகளில் ஏறி வடிவம்மா ஒழுங்கைக்கு வந்தார். கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலை கட்டியிருந்தார். தலையைப் படிய வாரி முடிந்திருந்தார். கையில் மருந்துப் பை.

"என்ன அக்கா, கிளினிக்கா இன்னைக்கி?"

"கிளினிக்கு அடுத்த கெழமதாங்க. இது சும்மா, இந்தா பக்கத்துல ஒரு எடத்துக்கு," என்றார்.

பக்கத்து இடம் மெய்யாகவே பக்கத்தில்தான் இருந்தது. என்னைத் தாண்டி நடந்தார். 190/9 என்ற தகரத்தையும் 1909 என்ற பித்தளையையும் தாண்டி, முன்கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். செருப்பைக் கழற்றாமல் முன்படியேறினார். பாண் வண்டி வந்து பாட்டுப் பாடிவிட்டுப் போனது. நான் மதிலை விட்டு அசையவில்லை. விறாந்தையில் பெல்ஜியத் தம்பதி காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வடிவம்மா அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு, நடுவிலிருந்த கவர்னர் கதிரையில் உட்கார்ந்தார். சாய்ந்து உட்கார்ந்தார். பையை மடியில் வைத்தார். பிறகு கையை நீட்டிப் பித்தளை மணியை எடுத்து ஆட்டினார்.

உள்ளே எங்கேயோ ஒரு கோப்பை வைக்கப்படும் சத்தம் கேட்டது. தனபாலன் வந்துவிட்டார். கை துடைக்கும் துணி முழங்கையில் தொங்கியது, இடுப்பு வளைந்திருந்தது. "யெஸ், ப்ளீஸ்?" என்று கதிரைக்கு முன்னால் குனிந்து நின்றபோது அவருடைய கண்ணில் பட்டது சப்பாத்து அல்ல, தேய்ந்த ரப்பர் செருப்பு. மெல்ல நிமிர்ந்தார்.

"டீ ஒன்னு," என்றார் வடிவம்மா. "பால் டீ. சீனி கூடப் போடு."

பெல்ஜியர்கள் இருவரும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இதையும் அந்தக் காலத்து வழக்கங்களில் ஒன்று என்று எண்ணியிருப்பார்கள். ஆயா என்று சொன்னால் கவர்னர் கதிரையில் ஆயாவுக்கு என்ன வேலை? அக்கா என்று சொன்னால் நேற்றுச் சொன்னது என்ன? தனபாலன் குனிந்தார். "யெஸ், மேடம்," என்றார். உள்ளே போனார்.

பொன்விளிம்பு வைத்த கோப்பையில் தேநீர் வந்தது. வடிவம்மா அதைப் பீங்கான் தட்டில் ஊற்றி, ஊதி, உறிஞ்சிக் குடித்தார். அவசரப்படவில்லை. தம்பி தட்டத்தோடு பக்கத்தில் நின்றார்.

"நல்லாருக்கு. பின்னால குடுக்கிற டீக்கி வேற தூளு போல," என்றார். தட்டைக் கீழே வைத்தார். "ரூமு இருக்கா, தம்பி? பொகை வராத ரூமு. அடுத்த கிளினிக்கு வரைக்கும் வேணும்."

இந்தக் கேள்வியை இதே மொழியில் எத்தனையோ பேர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில் அவருடைய தொண்டைவரை ஏறி வந்ததை நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கண்டேன். அவருக்குப் பின்னால் கேணல் ரூமின் கதவு திறந்திருந்தது. குசினி வாசலில் கலாவதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தினேஸ் சீப்பைப் பிடித்தபடி நின்றார்.

"இருக்கு," என்றார் தனபாலன். "இருக்குங்க."

வடிவம்மா இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தார். நேற்றைய அதே நோட்டு, நாலாக மடித்தபடியே இருந்தது. அதைத் தேநீர்த் தட்டத்தின் ஓரத்தில் வைத்தார். தனபாலன் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் போய் எடுத்து, கோட்டின் மேற்பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் தம் கை செய்த வேலை அவருக்குத் தெரிந்தது. முகம் ஒரு கணம் கோணிப் போயிற்று.

வடிவம்மா எழுந்தார். அம்மையாருக்கு இன்னொரு தரம் தலையசைத்துவிட்டு, முன்கதவால், வெறுங்கையோடு, மெல்ல நடந்து உள்ளே போனார். மருந்துப் பை கதிரையிலேயே இருந்தது. உள்ளங்கை அகலப் பை, இரண்டு சொட்டு மருந்துப் போத்தலும் ஒரு கிளினிக் கொப்பியும். தனபாலன் அதைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினார். திறந்திருந்த முன்கதவுக்கும் அவருக்கும் இடையே பத்து எட்டு. அவர் விறாந்தையை விட்டு இறங்கி, வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக ஓடினார்.